நாலு பூச்சியம்

செவ்வாய்க்கிழமை என்றால் எலும்பு. பிரெஞ்சு பேசும் கனடிய நகரமொன்றின் டவுன்டவுனில் நிலத்துக்குக் கீழே இருந்த அந்த உணவகச் சமையலறையில் பதினைந்து வருஷமாய் இதுதான் சட்டம். காலை ஆறரைக்கு இறைச்சிக்காரன் இரண்டு பெட்டி கன்றுக்குட்டி எலும்பை இறக்கிவிட்டுப் போவான். பேரின்பநாதன் அவற்றைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, போறணையில் சிவக்க வாட்டி, வெங்காயமும் கரட்டும் செலரியும் போட்டுப் பெரிய கிடாரத்தில் அவிய விடுவார். நாள் முழுக்க அவிந்து வற்றும் அந்தத் தண்ணீரை வைத்துத்தான் கிழமை முழுவதற்குமான குழம்புகள். இந்த வேலையில் செஃப் ஜில்பேர் வேறு ஒருவரையும் கிட்ட அண்டவிடமாட்டார். நாதன் கை வைக்காத எலும்பு எலும்பே இல்லை என்பது அவருடைய கட்சி.

பேரின்பநாதன் என்ற பெயரை முழுதாய்ச் சொல்ல அங்கே யாருக்கும் மூச்சுப் போதாது. 'மிஸ்யூ நோ' என்றுதான் கூப்பிடுவார்கள், மிஸ்யூ என்றால் ஐயா. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அன்றைக்குக் கிடாரம் சரிந்து கொதிதண்ணீர் அவருடைய வலது பாதத்தில் கொட்டியது. அவர் வாயில் வந்ததைத் தமிழில் கத்தினார். ஜில்பேர் பதிலுக்குப் பிரெஞ்சில் கத்தினார். இவர் மறுபேச்சில்லாமல் கொப்பளத்தைச் சப்பாத்துக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த கிடாரத்தைத் தூக்கினார். மறுநாள் காலை, "போன்ஜூர், மிஸ்யூ நோ" என்றார் ஜில்பேர். நாதன் என்பதைத்தான் மனுசன் இப்படிக் குறுக்கிவிட்டார் என்று இவர் நினைத்துக்கொண்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதானே.

பதினைந்து வருஷம் எலும்போடு மாரடித்தவருக்கு எலும்பின் குணம் தெரியும். நல்ல எலும்பைக் கத்தியின் முதுகால் தட்டினால் ஒரு சத்தம், உள்ளே உக்கிப்போனதைத் தட்டினால் வேறொரு சத்தம். போன கோடையிலிருந்து அந்த இரண்டாவது சத்தம் கேட்டால் அவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். அந்தக் கோடையில்தான் அவருடைய மனைவி பாலாம்பிகையின் எலும்புக்குள் வருத்தம் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

ஐந்து வருஷத்துக்கு முன் மார்பில் வந்த புற்றுநோய் அது. வெட்டி எடுத்து, மருந்தடித்து, கொட்டுண்ட மயிரும் திரும்ப முளைத்து, இனி என்ன என்று எல்லோரும் மறந்திருந்த நேரத்தில் முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் வந்து குந்திக்கொண்டது. அன்றைக்கு ரொறொன்ரோவிலிருந்து மகள் வித்தியா வயிற்றுப் பிள்ளையோடு வந்திருந்தாள். டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அவள்தான் தமிழாக்கினாள்.

"எலும்பு சும்மா கிடக்கிற சாமானில்லையாம் அம்மா. ஒரு பக்கத்தாலை அரிச்சு எடுக்கிற ஆக்கள் இருக்கினமாம், மற்றப் பக்கத்தாலை கட்டுற ஆக்களும் இருக்கினமாம். இந்த வருத்தம் போய் அரிக்கிற ஆக்களை உசுப்பி விடுதாம்."

"கறையானை மாதிரியோ?" என்று கேட்டாள் பாலாம்பிகை.

"ஓம், அப்பிடி வையுங்கோவன். இப்ப ஒரு மருந்து வந்திருக்காம். நரம்பாலை ஏத்தினா நேரா எலும்பிலை போய் ஒட்டுமாம். ஒட்டி, அந்த அரிக்கிற ஆக்களை அடக்குமாம். மாசத்திலை ஒருக்கா, கால் மணித்தியாலம். வருத்தத்தை இல்லாமப் பண்ணாது, ஆனா எலும்பை முறிய விடாமப் பாக்குமாம்."

"அப்ப கறையான் மருந்து எண்டு சொல்லன்" என்றாள் பாலாம்பிகை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர். லேபிளில் இருந்த நீளமான பெயரை ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

மருந்தேற்றும் நாளும் செவ்வாய்க்கிழமையாகவே வந்து வாய்த்தது. நாதனுக்கு எலும்பு நாள். கீழ்வீட்டு யோசெப்பின்தான் கை கொடுத்தாள். சென்ட் லோரன்ட் பகுதியில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நாதன் குடும்பம் மேலே, யோசெப்பின் குடும்பம் கீழே. மன்னார்ப் பக்கத்துக்காரி, உருத்திராட்சம் போலப் பெரிய மணிகள் கோத்த செபமாலையும் பழைய கொறொல்லாக் காரும் அவளுடைய சொத்து. பாலாம்பிகையை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, உள்ளே நாற்காலியில் இருத்திவிட்டு, காரை எங்கேயாவது விட்டுவிட்டு வந்து வெளியே வாங்குப் பலகையில் குந்தியபடி செபமாலை உருட்டுவாள். மருந்தேற்றும் அறைக்குள் அவள் போவதில்லை. ஊசியைக் கண்டால் அவளுக்குத் தலை சுற்றும்.

முதல் தடவை மருந்தேற்றிய அன்று காய்ச்சலும் உடம்புளைவும் வந்து இரண்டு நாள் படுத்தாள் பாலாம்பிகை. அதற்குப் பிறகு அப்படி ஒன்றும் வரவில்லை. ஐப்பசி வரையும் ஆள் நல்ல தெம்பாயிருந்தாள். இடியப்பம் பிழிந்தாள். முருங்கையிலை வாங்கிவந்தால் கதிரையில் இருந்து ஒவ்வொரு நெட்டாய் உருவினாள். மூன்று மாடி இறங்கி, யோசெப்பின் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறியும் வந்தாள்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டியதோடு வலது தொடை பிடித்தது. முதலில் குளிர்ப்பிடிப்பு என்றார்கள். நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசினார்கள். மார்கழியில் வித்தியாவுக்குப் பிள்ளை பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில் நோவை ஒரு மூலையில் தள்ளி வைத்தாள். தையில் கைத்தடி வந்தது. மாசி பிறக்க, படியில் இருந்து இருந்து இறங்கத் தொடங்கினாள். நாற்பத்திரண்டு படி. நாதன் முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியிலும் அவளுடைய பாதத்தைப் பிடித்து வைப்பார்.

"ஆசுப்பத்திரியிலை சொன்னனீரோ?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார்.

"சொல்லாமல் என்ன? அந்த நேர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை. வந்த உடனை தொடையிலை கை வைச்சுக் கேக்கும், 'டூலேர்' எண்டு. நோவைத்தான் அப்பிடிக் கேக்கிறது எண்டு வித்தியா சொல்லித் தந்தவள். நான் சொல்லுவன்."

"அவ என்ன சொல்லுறா?"

"'போன்' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிக்கிறா."

"போன் எண்டா நல்லம் எண்டெல்லே அர்த்தம்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. எனக்கு நோகிறது அவைக்கு நல்லமாக்கும்."

பெரிய டொக்டர் தை மாதம் விடுமுறையில் போயிருந்தார். பதிலுக்கு வந்த இளந்தாரி டொக்டர் தாதி எழுதிய தாளைப் பார்த்து, கை குலுக்கி, இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டான். வித்தியா பச்சை உடம்புக்காரி. அவளுக்குச் சொல்லிப் பதறடிக்கக் கூடாது என்று பாலாம்பிகை வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டாள். தொலைபேசியில் "எப்பிடியம்மா?" என்றால் "எனக்கென்ன குறை" என்பாள்.

நாதனுக்கு மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நோ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். டொக்டர் இரண்டு நிமிஷத்தில் அனுப்புகிறார். இதற்கு ஒரே அர்த்தம்தான். அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லாத ஆளுக்குச் சிரித்துக் காட்டி அனுப்புகிறார்கள். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாலாம்பிகைதான் சொன்னாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புட்டைக் குழைத்தபடி.

"வாற செவ்வாய் நான் போகேல்லை."

"எங்கை?"

"கறையான் மருந்துக்கு. காணும் இஞ்சருங்கோ. இந்தப் பனிக்குள்ளை நாப்பத்திரண்டு படி இறங்கி, அந்தப் பிள்ளை யோசெப்பினையும் உத்தரிக்கப் பண்ணி, போய் நோகுதெண்டு சொல்ல அவை சிரிக்க. பேந்து ஏறி வர. மருந்து கேக்குதெண்டா எனக்கு நோ குறைய வேணுமே? கூடுது. கறையான் திண்டு முடிச்சிட்டுது. இனி வெறும் மண்ணுக்கு மருந்தடிச்சு என்ன?"

"விசர்க்கதை கதையாதையும்."

"விசரில்லை. என்னை வீட்டிலை இருக்க விடுங்கோ. பேரப்பிள்ளையை ஒருக்காக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கோ. அது போதும்."

நாதன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். யன்னலுக்கு வெளியே கண்ணாடி மாதிரி உறைமழை பெய்துகொண்டிருந்தது. வீதியில் கார்களெல்லாம் ஊர்ந்தன. இந்த மனுசி நாளைக்கு நடக்கமாட்டாள், அடுத்த மாதம் எழும்பமாட்டாள் என்ற எண்ணம் வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"ஒரேயொருக்கா வாரும்" என்றார். "நானும் வாறன். நான் பக்கத்திலை இருக்கிறன். சிரிச்சா ஏன் சிரிக்கிறியள் எண்டு கேக்கிறன்."

"உங்களுக்கு எலும்பு நாளெல்லே?"

"எலும்பு கிடக்கட்டும்."

பதினைந்து வருஷத்தில் செவ்வாய்க்கிழமை லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. ஜில்பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மா ஃபாம், எலும்பு, மருந்து" என்று பாதி பிரெஞ்சிலும் பாதி கையாலும் இவர் விளக்கினார். என்ரை மனுசி என்பதை மட்டும் பிரெஞ்சில் சரியாய்ச் சொல்லப் பழகியிருந்தார். ஜில்பேர் அவருடைய தோளில் தட்டினார். எலும்பை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்பது அந்தத் தட்டின் அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை யோசெப்பின் காரை வாசலோடு ஒட்டி நிறுத்தி, ஹீற்றரைப் போட்டு, பின் சீற்றில் தலையணையும் வைத்திருந்தாள்.

"அண்ணை, அக்காவைக் கவனமா இறக்குங்கோ. படியெல்லாம் உப்புப் போட்டிருக்கிறன்" என்று கீழேயிருந்து கூவினாள். இறங்க இருபது நிமிஷம் பிடித்தது. கடைசிப் படியில் பாலாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். நாதனுடைய கையில் அவளுடைய நகம் பதிந்திருந்தது.

மருந்தேற்றும் அறையில் சாய்கதிரைகள் வரிசையாய் இருந்தன. பாலாம்பிகை தன்னுடைய வழக்கமான கதிரையில் அமர்ந்து, தலைமயிரைக் கையால் தடவிச் சீராக்கி, முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னத்துக்கு இப்ப இந்தச் சிரிப்பு?"

"மருந்து தாற பிள்ளைக்கு முன்னாலை மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறதே?"

தாதி ஜினெட் வந்தாள். நாற்பது வயதிருக்கும், சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடி, காலில் இரப்பர் செருப்பு. நாதனைக் கண்டதும் "மிஸ்யூ பாலா!" என்று கை குலுக்கினாள். பிறகு பாலாம்பிகைக்கு முன்னால் குந்தி, அவளுடைய தொடையில் மெல்லக் கை வைத்து முகத்தைப் பார்த்தாள்.

"டூலேர், மதாம் பாலா?"

பாலாம்பிகை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். "நோ, பிள்ளை" என்றாள். "சரியான நோ."

"போன்!" என்றாள் ஜினெட். சிரித்தாள். மடியில் இருந்த தாளில் ஒரு வட்டம் போட்டாள்.

நாதனுடைய மடியில் இரண்டு பேருடைய குளிர்ச்சட்டைகளும் கிடந்தன. அவற்றுக்கு மேலால் எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் மாதங்களின் பெயர்களும், அவற்றுக்கு நேரே போடப்பட்ட வட்டங்களும் தெரிந்தன. நவம்பர், வட்டம். டிசம்பர், வட்டம். ஜனவரி, வட்டம். இப்போது மை காயாத நாலாவது. பூச்சியம் எந்தப் பாஷையிலும் பூச்சியம்தான்.

"பாலா, இப்ப நீர் என்ன சொன்னனீர்?"

"நோ எண்டன்."

"எந்தப் பாஷையிலை சொன்னனீர்?"

"இதென்ன கேள்வி! என்ரை பாஷையிலைதான். அவ பிரெஞ்சிலை கேக்கிறா, நான் தமிழிலை சொல்லுறன். தொடையிலை கையை வைச்சுக்கொண்டு கேக்கேக்கை என்ன, இங்கிலீசே வரும்?"

நாதன் எழும்பினார். குளிர்ச்சட்டைகள் நிலத்தில் விழுந்தன. பதினைந்து வருஷத்துக்கு முந்திய கொதிதண்ணீர் ஒருமுறை அவருடைய வலது பாதத்தில் திரும்பக் கொட்டியது. அன்றைக்குத் தான் கத்தியது என்ன என்று ஞாபகம் வந்துவிட்டது. "ஐயோ நோ, நோ" என்றுதான் கத்தினார். அடுத்த கிடாரத்தைத் தூக்கச் சொன்ன மனுசனுக்கு முன்னால் நின்றுகொண்டு! மிஸ்யூ நோ!

"மதாம்!" என்றார். சத்தம் கூடிவிட்டது. மற்றக் கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "மதாம், நோ... பா நோ!" இது உங்களுடைய இல்லை என்கிற 'நோ' அல்ல என்று சொல்லத்தான் அவர் பார்த்தார்.

ஜினெட் விளங்காமல் பார்த்தாள். "நோ, பா நோ?"

"வுய்! நோ, பா நோ! தமூல் நோ!" அவர் தன் தொடையில் அடித்தார், முகத்தைச் சுளித்துக் காட்டினார். சமையலறையில் கை வெட்டுப்படும்போது கேட்ட சொல் சரியான நேரத்தில் நாக்கில் வந்து நின்றது. "நோ, மால்! தமூல் நோ, பிரெஞ்சு மால்! போக்கு மால்!" கனக்க நோ என்பதற்கு அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

ஜினெட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. அவள் தாளைப் பார்த்தாள். பாலாம்பிகையைப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு மட்டையை எடுத்து வந்தாள். அதில் ஆறு முகங்கள் வரைந்திருந்தன, முதலாவது சிரிக்கிற முகம், கடைசி அழுகிற முகம், கீழே பூச்சியத்திலிருந்து பத்துவரை இலக்கங்கள்.

"உமக்கு எவ்வளவு நோ எண்டு தொட்டுக் காட்டட்டாம்" என்றார் நாதன்.

பாலாம்பிகை விரலைக் கடைசி முகத்தில் வைத்தாள். பிறகு, அது கொஞ்சம் மரியாதைக் குறைவாய்ப் போய்விடுமோ என்று நினைத்தவள் போல ஒரு முகம் இறங்கி வந்தாள். எட்டு.

"நவம்பர்?" என்று கேட்டாள் ஜினெட். பாலாம்பிகை நாலைத் தொட்டாள். டிசம்பர், ஆறு. ஜனவரி, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வெறும் மட்டையில் விரலை வைத்தாள்.

ஜினெட் அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்து பாலாம்பிகையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "பார்டோன், மதாம், பார்டோன்" என்றாள். கண்ணாடிக்குள்ளால் கண்ணீர் வழிந்தது.

"இஞ்சை பாருங்கோ, இந்தப் பிள்ளை அழுது" என்று பாலாம்பிகை பதறினாள். "அழாதை மேனை. உன்ரை பாஷையும் என்ரை பாஷையும் ஒரு சத்தம் போட்டா நீ என்ன செய்வாய்? சொல்லுங்கோவன் அவவுக்கு, நான் கோவமில்லை எண்டு."

அதைச் சொல்ல நாதனிடம் பிரெஞ்சு இருக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். நாலு மாதமாய் அவர்கள் கைவிடவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்ற நினைப்பு அவருக்குள் இறங்க, குனிந்து நிலத்தில் கிடந்த குளிர்ச்சட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். எவ்வளவு பெரிய பிழை, ஆனாலும் எவ்வளவு பெரிய ஆறுதல்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். பாலாம்பிகையை ஒரு அடி நடக்கவிடவில்லை. தள்ளுகட்டிலில் படுக்கவைத்துப் படமெடுக்கக் கொண்டுபோனார்கள். பெரிய டொக்டர் படத்தை விளக்கில் மாட்டி, வித்தியாவைத் தொலைபேசியில் பிடித்துச் சத்தமாய்ப் பேசவிட்டார்.

"அப்பா, அம்மான்ரை தொடை எலும்பிலை மேல் பக்கம் ஒரு இடம் நல்லா அரிபட்டுப் போச்சுதாம். இன்னும் முறியேல்லை. ஒரு படி தப்பியிருந்தாலும் முறிஞ்சிருக்குமாம். நாளைக்கே உள்ளுக்கை ஒரு கம்பி வைச்சு இறுக்கிப்போடுவினமாம். நீங்கள் ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"அதைப் பேந்து கதைப்பம். மருந்து? மருந்து கேக்கேல்லையோ எண்டு கேள்."

டொக்டர் நீளமாய்ச் சொன்னார். வித்தியா கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"கேட்டிருக்காம் அப்பா. முள்ளந்தண்டிலை இருந்த இடமெல்லாம் அப்பிடியே அடங்கி நிக்குதாம். தொடையிலை ஒரு இடம்தான் மீறிப்போச்சு. ஏத்தாமல் விட்டிருந்தா இது கார்த்திகையிலையே முறிஞ்சிருக்கும் எண்டுதான் அவ நினைக்கிறாவாம். நிப்பாட்டக்கூடாதாம். கம்பி வைச்ச பிறகும் ஏத்தவேணுமாம்."

நாதன் அதைப் பாலாம்பிகைக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். நிறுத்தப்போகிறேன் என்று புட்டுக் குழைத்தபடி சொன்னவள், படமெடுத்த பிறகு கையில் ஏற்றத் தொடங்கியிருந்த மருந்தின் பையை நிமிர்ந்து பார்த்து, குழாயை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டொக்டர் அவளிடம் குனிந்து, இன்றைக்கு இங்கேயே தங்குகிறீர்களா என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பாலாம்பிகைக்கு அது விளங்கிவிட்டது.

"ஓம்" என்றாள் தெளிவாய். "ஓம், ஓம்."

டொக்டர் திடுக்கிட்டார். "ஹோம்? நோ, நோ, மதாம்! நொட் ஹோம்!"

ஜினெட் பாய்ந்து வந்து டொக்டரின் கையைப் பிடித்தாள். சூடு கண்டவள் அல்லவா. நாதனைப் பார்த்து, "மிஸ்யூ, எந்த ஓம்?" என்பது போல விரலை விரித்துக் கேட்டாள்.

"ஓம், வுய்" என்றார் நாதன். "தமூல் ஓம், வுய்."

முதலில் சிரித்தது பாலாம்பிகைதான். சிரிக்கத் தொடை வலித்தது. "நோ, நோ" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். ஜினெட் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, நோ என்பதையும் ஓம் என்பதையும் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

கம்பி வைத்தார்கள். பிறகு அந்த இடத்துக்குக் கதிரடித்தார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரி. வித்தியா கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, தகப்பனையும் தாயையும் ஒரு பாட்டம் ஏசிவிட்டு, பிள்ளையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள்.

யோசெப்பின்தான் ஆறவில்லை. "நான் ஒருக்கா உள்ளுக்கை வந்திருந்தா அக்கா! வெளியிலை இருந்து மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன், உள்ளுக்கை நீங்கள் நோ எண்டு கத்தியிருக்கிறியள்."

"நீ கூப்பிட்டபடியாத்தான் எலும்பு முறியாமல் நிண்டது பிள்ளை" என்றாள் பாலாம்பிகை. அதை அவள் சமாதானத்துக்குச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்பது தெரியாது. யோசெப்பின் அதோடு நிற்கவில்லை. வீட்டுக்காரனைப் பிடித்துக் கதைத்து, தன் புருசனையும் இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டாள். பாலாம்பிகை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது கீழ்வீட்டுக்கு. நாற்பத்திரண்டு படி இரண்டு படியாகிவிட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்று நாதன் ஜில்பேரிடம் போய் நின்றார். வித்தியா ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நீட்டினார். தமிழில் நோ என்றால் வலி, அன்றைக்கு நான் வேலை செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை, கால் வெந்துவிட்டது என்றுதான் சொன்னேன் என்பது அதில் இருந்தது. ஜில்பேர் இரண்டு தரம் வாசித்தார். குனிந்து நாதனுடைய வலது சப்பாத்தைப் பார்த்தார்.

"பதினைந்து வருஷம்" என்றார், பிரெஞ்சில். அது நாதனுக்கு விளங்கியது. பிறகு அந்தப் பெரிய மனுசன் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். அன்று பின்னேரம் ஒரு பெரிய பாத்திரம் எலும்புத் தண்ணீரை, கொழுப்பெல்லாம் வழித்தெடுத்து, மனுசிக்கு என்று கட்டிக் கொடுத்தார். பாலாம்பிகை அதில் மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிப்போட்டு ரசம் வைப்பித்தாள். அடுத்த கிழமையிலிருந்து அந்தச் சமையலறையில் எலும்பு புதன்கிழமைக்கு மாறியது. செவ்வாய் இனி நாதனுக்கு ஆஸ்பத்திரி நாள். பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை, நாதனும் மாற்றச் சொல்லவில்லை.

ஆனி மாதம். ஆஸ்பத்திரிக்கு முன்னால் மரமெல்லாம் இலை. பாலாம்பிகை கைத்தடியோடு, நாதனின் கையைப் பிடிக்காமல், மருந்தேற்றும் அறைக்கு நடந்து வந்தாள். சுவரில் ஜினெட் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தாள். நோ, ஓம் என்று பாலாம்பிகை தன் கையால் எழுதிக்கொடுத்த இரண்டு சொற்களும், பக்கத்தில் பிரெஞ்சில் அர்த்தமும். அதற்குக் கீழே வேறு யாரோ தங்கள் பாஷையில் எதையோ எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

ஜினெட் மருந்துப் பையைக் கொழுவிவிட்டு முன்னால் குந்தினாள். தொடையில் கை வைத்தாள். இந்த மாதங்களில் நன்றாகப் பழகியிருந்தாள்.

"நோ, பாலா அம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

பாலாம்பிகையும் சும்மா இருக்கவில்லை. அவளும் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருந்தாள். வித்தியா சொல்லிக்கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, நல்ல ஆங்கிலத்தில், "நோ!" என்றாள்.

பேனை அந்தரத்தில் நின்றது. ஜினெட் நாதனைப் பார்த்தாள். நாதன் மனைவியைப் பார்த்தார். "எந்த நோவப்பா?" என்றார்.

பாலாம்பிகைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் சிரித்ததில் பக்கத்துக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் விழித்துப் பார்த்தார். அவள் கையை நீட்டி ஜினெட்டிடமிருந்து பேனையை வாங்கினாள். தாளையும் வாங்கி மடியில் வைத்தாள். பழைய நாலு பூச்சியத்தையும் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் ஜினெட் ஒப்பமிட்டிருந்தாள். வெட்டின பூச்சியங்களுக்கு மேலே சரியான இலக்கங்கள் இருந்தன. பிறகு ஆறு, ஐந்து, மூன்று.

ஆனி மாதத்துக்கு நேரே இருந்த கட்டத்தில் பாலாம்பிகை நிதானமாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கை ஓரமாய்க் கடித்துக்கொண்டு, ஒரு இரண்டு போட்டாள்.

"கொஞ்சம் கிடக்குது" என்றாள். "இல்லையெண்டு சொல்லக்கூடாது."